ரம்பம் தின்ற அளவு

ஏழு பட்டைகளையும் பழைய காலண்டர் அட்டை ஒன்றின்மேல் பல்வரிசை மாதிரி அடுக்கி வைத்துவிட்டு, மிதுன் எட்டாவது தடவையாக முதலிலிருந்து ஆரம்பித்தான். பித்தளை. கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டிய அலுமினியம். கறுப்பு மைக்கா. போர்டு எழுதும் கடையில் கெஞ்சி வாங்கிய சிவப்பு அக்ரிலிக். தேய்த்துத் தேய்த்துத் தட்டையாக்கிய தேங்காய்த் தொட்டி, அதான் கொட்டாங்குச்சி. மூங்கில். கடைசியில் ஒரு வெள்ளை. அது அவனுடைய பிளஸ் டூ அடையாள அட்டை, மூஞ்சி இல்லாத பக்கமாகப் பார்த்து வெட்டியது. இதில் ஏதோ ஒன்றுதான் மரப்பேனாவின் இடுப்பில் சாய்வாக ஒரு கோடாக ஏறப்போகிறது. ஒரு கோட்டுக்கு இத்தனை யோசனையா என்று கேட்க ஆள் இல்லாததால் அந்த ஆளாகவும் அவனே ஆனான். "என்றா, பொண்ணா பாக்கற? ஒரு தகட்டை எடுத்துச் சொருகிப்போட்டு அடுத்த சோலியப் பாரு" என்றார் அப்பா, மிதுனின் தொண்டையிலிருந்து, மூக்கில் பாதியும் நெஞ்சில் பாதியுமாக. நிஜ அப்பா காங்கயத்தில் சொந்தக்கார ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்தில் அம்மாவோடு மத்தியானப் பந்தியில் உட்கார்ந்திருப்பார். பட்டறையில் அவருடைய பெரிய லேத்துகள் மூன்றும், மூலையில் மிதுனின் சின்ன மர லேத்தும் செத்துக் கிடந்தன. மணி இரண்டு பத்து. "பராமரிப்புப் பணி காரணமாக ஒண்டிப்புதூர் மற்றும் அதன் சுற்றுவட்டாரங்களில் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை மின்விநியோகம் இருக்காது" என்று செய்தி வாசிக்கிற அக்காவின் குரலில், ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் ஒரு மிடறு எச்சில் விழுங்கி, சுவருக்குச் சொன்னான். சுவர் கேட்டுக்கொண்டது. மற்ற நாளில் பம்புசெட் ஷாப்டுகள் கத்துகிற கத்தலில் இங்கே தும்மினால் தும்மியவனுக்கே கேட்காது. இன்றைக்குச் சுவர்க் கடிகாரத்தின் குடல் இரைச்சல்வரை கேட்டது. போனைத் திருப்பிப் பார்த்தான். பதினோரு சதவீதம். மத்தியானம் பன்னிரண்டரைக்கு இந்த ஏழு பட்டைகளையும் போட்டோ எடுத்து, 'உனக்கு எது வேணும்' என்று மட்டும் போட்டுக் கூடப் படித்த பரணிக்கு அனுப்பியிருந்தான். பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு இரண்டு டிக்கும் நீலமாகின. பார்த்துவிட்டான். ஒன்று ஐம்பதுக்கு 'டைப்பிங்' என்று ஒரு நொடி வந்தது, தண்ணீருக்குமேல் மீன் வாயைக் காட்டிவிட்டுப் போகிற மாதிரி, அப்புறம் போய்விட்டது. ராத்திரி ஏழரைக்குப் பரணிக்குச் சேலம் பஸ். மாமா வீட்டில் தங்கி டிப்ளமோ படிக்கப் போகிறான். பேனா அதற்குள் அவன் கையில் இருக்க வேண்டும். பட்டையை ஒட்டினால் காய ஒன்றரை மணி நேரம், கரண்ட் வந்தால் கடைய முக்கால் மணி, பாலிஷ், மாட்டல். கணக்குப் போட்டால் மூன்றரைக்குள் பசை வைத்தாக வேண்டும். மூன்றரைவரை காத்திருக்கலாம். நாற்பத்து மூன்று நாள் காத்திருந்தவனுக்கு ஒரு மணி இருபது நிமிஷம் பெரிதா என்ன.

கட்டை பூவரசு. வெளிவட்டம் சந்தனக் கலர், நடுவில் சாக்லேட் ஓடுகிற கட்டை. அதைக் காலையிலேயே கையரம்பத்தால் சாய்வாக அறுத்து இரண்டாக்கி வைத்திருந்தான், கைக்குக் கரண்ட் வேண்டாமே. இரண்டு பாதியையும் மறுபடி சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். சேரவில்லை. எப்போதும் இப்படித்தான். இந்தப் பக்கத்திலிருந்து ஓடிவருகிற சாக்லேட் ரேகை அந்தப் பக்கம் போகும்போது ஒரு மயிரிழை இறங்கித்தான் ஏறும், படியில் கால் தவறினவன் மாதிரி. ஏனென்றால் ரம்பம் சும்மா அறுப்பதில்லை, தின்கிறது. தன் பல்லின் தடிமனுக்கு மரத்தைத் தின்று தூளாகத் துப்பிவிட்டுத்தான் அந்தப் பக்கம் போகிறது. அதனால் நடுவில் வைக்கிற பட்டை அழகாக இருந்தால் மட்டும் போதாது, ரம்பம் தின்ற அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் ரேகைகள் ஒன்றையொன்று பார்க்காமல் போகும். இதை அவன் எந்த வீடியோவிலும் படிக்கவில்லை, மூன்று பேனாவைக் கெடுத்துத்தான் படித்தான். அப்பாவின் மைக்ரோமீட்டரை எடுத்து, குழந்தையின் காதைத் திருகுகிற மாதிரி மெதுவாகத் திருகி, பித்தளையை அளந்தான். ஒன்று புள்ளி ஒன்று. ரம்பத்தின் வாயும் அதே ஒன்று புள்ளி ஒன்று மில்லிமீட்டர். "பொருந்துதுங்களே தம்பி, ஜாதகமே பொருந்துதுங்களே" என்று வெற்றிலைக் குரலில் ஒரு புரோக்கர் வந்து கூத்தடித்துவிட்டுப் போனார். ஆனால் பித்தளையை நம்ப முடியாது. மரம் கடைகிறபோது உளி பித்தளையில் பட்டால் சூடு ஏறும், சூட்டில் பசை இளகும், அப்புறம் சுற்றுகிற சுற்றில் ஆளுக்கொரு திசை. நாலாம் நம்பர் பேனா அப்படித்தான் போயிற்று. பாதிக் கட்டை ஜன்னலுக்கு, பாதிக் கட்டை பரணியின் முழங்காலுக்கு. அன்றைக்கு அவன் இதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பரணியின் சிரிப்பில் மட்டும் ஒரு தடையும் கிடையாது. பாடும்போதும் கிடையாது. திட்டும்போது பாதி கிடையாது. பேசும்போதுதான்.

ஊரில் திக்குவாய் என்றால் ஒரே எழுத்தை நாலு தடவை சொல்வது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பரணிக்கு அப்படி இல்லை. அவனுக்குக் கதவு சாத்திக்கொள்ளும். வாய் திறந்திருக்கும், கண் திறந்திருக்கும், கழுத்து நரம்பு ஒன்று தெரியும், சத்தம் மட்டும் வராது. மூன்று நொடி, எட்டு நொடி, ஒரு தடவை முழுசாக ஒரு சிக்னல் மாறுகிற நேரம். நேரில் இருப்பவர்களுக்காவது முகம் தெரியும். போனில் என்ன தெரியும். "அலோ, அலோ, லைன்ல இருக்கீங்களா" என்று இரண்டு தடவை கேட்பார்கள், வைத்துவிடுவார்கள். வைக்கிற அந்த டொக் சத்தம் தனக்குத் தன் பெயரைவிடப் பழக்கம் என்று பரணி ஒரு தடவை எழுதிக் காட்டினான். பத்தாம் வகுப்பில் ஒருநாள் பரணி வீட்டுக்கு கேஸ் புக் பண்ண வேண்டியிருந்தது. பரணி போனை மிதுனிடம் நீட்டினான். மிதுன் விளையாட்டாக, நிஜமாகவே விளையாட்டாகத்தான், பரணியின் குரலிலேயே பேசினான். அடித்தொண்டைக் கரகரப்பு, வாக்கிய முடிவில் ஒரு சின்ன இறக்கம். கதவு மட்டும் இல்லாமல். பரணி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். பேசி முடித்ததும் "இ... இன்னொருக்கா பேசு" என்றான். அப்போது அவன் முகத்தில் இருந்தது சந்தோஷம் என்றுதான் மிதுன் மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடியைப் பார்த்தவனுக்கு வருவது சந்தோஷமா. கொரியர்காரன், ரீசார்ஜ் கம்ப்ளெய்ண்ட், பரணியின் பெரியப்பா, எல்லோருக்கும் மிதுனே பரணி ஆனான். பெரியப்பா ஒருநாள் நேரில் பரணியைப் பார்த்து, "போன்ல எவ்வளவு நல்லாப் பேசற கண்ணு, நேர்லதான் வெக்கப்படற" என்றார். இரண்டு பேரும் மொட்டை மாடிக்கு ஓடிப்போய் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு பேருமா. பரணி சிரித்தானா. மிதுன் அந்த மொட்டை மாடியை எத்தனை தடவை திரும்ப ஓட்டிப் பார்த்தாலும் அதில் தன் சிரிப்பு மட்டும்தான் கேட்டது, பரணி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான். பித்தளை வேண்டாம். பித்தளையை அட்டையின் ஓரத்துக்குத் தள்ளினான்.

அலுமினியம் வேண்டாம், ரொம்ப மெல்லிசு, மூன்று மடிப்பு வைத்தால்தான் அளவுக்கு வரும், மூன்று மடிப்பு என்றால் நடுவில் இரண்டு பசைக்கோடு. சிவப்பு. சிவப்பைத் தொட்டதும் பேக்கரி வந்தது, ஏனென்றால் பேக்கரி மேஜை சிவப்பு. ஏன்தான் இந்தச் சிவப்பை வாங்கினான். மே மாசம், இரண்டு தேங்காய் பன், இரண்டு டீ. பரணி பின்பக்கக் கழிப்பறைக்குப் போயிருந்தான். மேஜைமேல் அவன் போன் அடித்தது, தெரியாத நம்பர், சென்னை. மிதுன் எடுத்தான். எடுக்காமல் விட்டிருந்தால் என்ன, மிஸ்டு கால் ஆகியிருக்கும், மெயில் அனுப்பியிருப்பார்கள். "பரணிதரன் பேசறீங்களா? உங்க அப்ளிகேஷன் பார்த்தோம். அஞ்சு நிமிஷம் பேசலாமா?" பரணி அப்ளிகேஷன் போட்டிருந்த டிசைன் கல்லூரி அம்மா. குரலில் ஏசி ஓடியது. ஒரு நிமிஷம் இருங்க மேடம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் அது இருந்தது, சத்தியமாக இருந்தது. ஆனால் தொண்டை ஏற்கெனவே பரணியாகிவிட்டிருந்தது. "சொல்லுங்க மேடம்" என்று பரணி சொன்னான், பரணி இல்லாத பரணி. பேக்கரிக்கு வெளியே வந்து, சைக்கிள்களுக்கு நடுவில் நின்று, பதினோரு நிமிஷம். ஏன் டிசைன் என்று கேட்டார். பரணியின் அம்மா இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கும்போது மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது, அதற்குப் பரணி வரைந்த பிடி என்ன, பதினேழு படம், பதினேழிலும் என்ன தப்பு, எல்லாம் சொன்னான். எல்லாமே பரணி சொன்னதுதான், ஒன்றுகூட இவன் சரக்கு இல்லை. எழுதியும் வரைந்தும் கதவைத் தள்ளித் தள்ளியும் இரண்டு வருஷமாக இவனுக்குச் சொன்னது. அதை வக்கீல் மாதிரி யோசித்து எத்தனையோ நாள் தூங்கியிருக்கிறான். சரக்கு அவனுடையது, வண்டி மட்டும்தான் என்னுடையது, கனம் கோர்ட்டார் அவர்களே. ஆனால் ஒன்றே ஒன்று இவன் சரக்கு. "உங்ககிட்ட ஒரு பலவீனம் சொல்லுங்க" என்று அந்த அம்மா கேட்டார். மிதுனுக்குள் இருக்கிற குரங்கு சும்மா இருக்குமா. "பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டேங்க மேடம்." அவர் சிரித்துவிட்டார். ஏசி நின்று நிஜச் சிரிப்பு. உள்ளே வந்து, "டேய் மாப்ள, உன்னை நேர்ல கூப்பிட்டாங்க. டீக்குக் காசு நீதான்டா குடுக்கற" என்றான். பரணி ஈரக்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டிருந்தான். துடைப்பது நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி துடைத்தான். கை அதற்குள் காய்ந்திருக்கும்.

சென்னைக்குப் பரணி அப்பாவோடு போனான். மிதுன் கூடப் போகவில்லை. போகவில்லையே தவிர அந்த அறையை அவன் நூறு தடவை நடித்துவிட்டான், ஆள் ஆளாக, நாற்காலி நாற்காலியாக. நீள மேஜை, மூன்று பேர். நடுவில் ஏசி அம்மா. 'வாங்க பரணிதரன், உட்காருங்க.' அப்புறம் பரணிக்குக் கதவு சாத்துகிறது. மிதுனுக்கு எல்லாக் குரலும் வரும், அந்த அம்மாவும் வருவார், இரண்டு சார்களும் வருவார்கள், ஒருவர் பேனாவைத் தட்டுகிற சத்தம்கூட வரும். அந்தக் கதவு சாத்துகிற இடத்தில் மட்டும் அவனிடம் போடச் சத்தம் இல்லை. அங்கே சத்தமே இல்லையே. அன்று சாயங்காலம் பரணியிடமிருந்து இரண்டு வரி வந்தது. 'நிறுத்தவே மாட்டேன்னு சொன்னீங்களே, பேசுங்கன்னு கேட்டாங்க. அவங்க உன்னைத்தான் தேடுனாங்க.' அவ்வளவுதான். சீட் போயிற்று, ஆனாலும் திட்டவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை, பரணியின் அப்பா இன்றைக்கும் மிதுனைப் பார்த்தால் "சாப்டாச்சா தம்பி" என்கிறார். சொல்லித் தொலைத்திருக்கலாம். பட்டறைக்கு வந்து லேத்தில் தலையை வைத்துத் திருகியிருக்கலாம். மிதுன் அனுப்பிய எதற்கும் பதில் இல்லை. குரல் மெசேஜ் ஒன்றுகூட இவன் அனுப்பவில்லை, எந்தக் குரலில் அனுப்புவது. நாற்பத்து மூன்று நாள். அம்மா, "வீடு என்னடா இப்படிக் கெடக்குது, எப்பவும் பத்துப் பேரு இருப்பீங்க" என்று கேட்டாள். பத்துப் பேரும் இருந்தார்கள். கண்டக்டர், பிசிக்ஸ் சார், டீ மாஸ்டர், பால்காரர், எல்லோரும் உள்ளே வரிசையாகக் கால் மாற்றி நின்றார்கள். கூப்பிட்டால் வருவார்கள். பார்க்கத்தான் ஆள் இல்லை. ஒருத்தன் சிரிக்காவிட்டால் கண்டக்டருக்கு என்ன மரியாதை.

மூன்று மணி. ஆறு சதவீதம். பதில் இல்லை. பட்டறைத் தகரம் வெயிலில் பட்டுப்பட்டென்று நெளிந்தது. யாரோ மேலே நடக்கிற மாதிரி இருந்தது, தகரம்தான். வெள்ளையை எடுத்தான். அடையாள அட்டை. மைக்ரோமீட்டரில் புள்ளி எட்டு, இரண்டு பக்கமும் கறுப்புக் காகிதம் ஒட்டினால் ஒன்று புள்ளி ஒன்றைத் தொடும். தன்னுடைய அட்டையை வெட்டி அவன் பேனாவில் வைப்பது. ஆஹா, என்ன தியாகம், பின்னால் வயலின் விடுங்கப்பா. எவ்வளவு அசிங்கம். பரணி ஆயுசுக்கும் மிதுனின் ஒரு துண்டை விரலுக்கடியில் பிடித்து எழுதிக்கொண்டிருக்க வேண்டும், ஏற்கெனவே போனில் எல்லாம் மிதுன், இனி எழுத்திலும். வெள்ளையைத் தூக்கி மரத்தூளில் எறிந்தான். எறிந்துவிட்டு, பாவம் என்று எடுத்து ஊதி மறுபடி அட்டையில் வைத்தான். மூங்கில் எண்ணெய் குடித்து மஞ்சளாகிவிடும். தேங்காய்த் தொட்டி நல்ல பழுப்பு, உள்ளே புள்ளி புள்ளியாக நட்சத்திரம் மாதிரி, கடைகிறபோது நல்ல வாசம் வரும். ஆனால் உடையும், வளைந்த பொருளைத் தட்டையாக்கினால் அது தன் வளைவை மறக்குமா. கறுப்பு மைக்கா, கறுப்பு எதற்கும் ஒத்துப்போகும், கறுப்பில் தப்புத் தெரியாது, கறுப்பு வைத்துவிட்டால் தேவலை... "கறுப்பு வை" என்று யாரோ சொன்னார்கள். அடித்தொண்டைக் கரகரப்பு, முடிவில் சின்ன இறக்கம். மிதுன் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தான். வாசலில் வெயில்தான் நின்றது. சொன்னது அவன் வாய். நாற்பத்து மூன்று நாளாகப் பூட்டி வைத்திருந்த குரல், கேட்காமல் கொள்ளாமல் வெளியே வந்து உத்தரவு போட்டுவிட்டு நிற்கிறது. இந்தக் குரல் உலகத்தில் வேறு யார் வாயிலும் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பரணியிடமே இல்லை. தடங்கல் இல்லாமல் பேசுகிற பரணி என்று ஒருத்தன் இந்தத் தொண்டையில் மட்டும் வாடகை இல்லாமல் குடியிருக்கிறான். அவனைத்தான் சென்னையில் தேடினார்கள். அவனை உண்டாக்கியது இவன். இருக்கிறவனை வெளியே நிற்க வைத்துவிட்டு. மிதுன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான், உள்ளே இருப்பவன் மறுபடி ஏதாவது சொல்லிவிடுவானோ என்று. உள்ளங்கையில் பித்தளை நாற்றம் அடித்தது.

மூன்று இருபது. மூன்று இருபத்தைந்து. டைப்பிங் என்று வந்த மாதிரி இருந்தது, இல்லை, வெளிச்சம். சரி, பரணிக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா. அவன் சொல்லித்தானா தெரிய வேண்டும். ஹோட்டலில் அவன் வாய் திறப்பதற்குள் "ரெண்டு செட் தோசை, ஒண்ணுக்குக் குருமா தனியா" என்று சொல்கிறவன்தானே, ஒரு தடவையாவது தப்பாகச் சொல்லியிருப்பேனா. ஒரே ஒரு தடவை. பதினொன்றாம் வகுப்பில். சொல்லி முடித்து சர்வர் போன பிறகு பரணி டிஷ்யூ பேப்பரில் எழுதி நகர்த்தினான். 'நான் பூரி சொல்ல வந்தேன்.' அதற்குக் கீழே, பேனாவை எடுத்துவிட்டு மறுபடி வைத்து, 'முடிக்காத. நான் முடிப்பேன். லேட்டாகும், அவ்வளவுதான்.' மிதுன் அதைப் படித்துவிட்டு, பிசிக்ஸ் சார் குரலில் "குட் கொஸ்டின், உட்காரு" என்றான். பரணி உட்கார்ந்துதான் இருந்தான். தோசையைச் சாப்பிட்டான். அந்த டிஷ்யூ பேப்பர் எங்கே போயிற்று. கை துடைத்துப் போட்டிருப்பான். மிதுன்தான் துடைத்தான், குருமா.

மூன்று முப்பத்தைந்து. இனிமேல் காத்திருந்தால் பேனா இல்லை, பேனா இல்லாவிட்டால் ஏழரைக்கு எதைக் கொண்டுபோய் நீட்டுவது, வெறும் கையோடு போனால் வாய் அல்லவா பேச வேண்டும். கறுப்பு. முடிவு. பசை டியூப் இரண்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் பிதுக்கி, பிளாஸ்டிக் மூடியில் விட்டு, ஐஸ் குச்சியால் கலக்கினான். கலந்த பசைக்கு ஐந்து நிமிஷம்தான் ஆயுசு, அதற்குள் தடவிச் சேர்த்து இறுக்கிவிட வேண்டும். கறுப்புப் பட்டையை இடது கையில் எடுத்தபோது அவன் கை அப்படியே நின்றது. இது பூரி. இதுவும் பூரிதான். அவன் வாய் திறந்திருக்கிறது, இரண்டு டிக்கும் நீலமாகத் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. நான் முடிக்கப் போகிறேன். நேரமாகிவிட்டது என்று. சர்வர் காத்திருக்கிறார் என்று. அப்போது போன் அடித்தது. பரணி. மெசேஜ் இல்லை, கால். மூன்று வருஷத்தில் பரணி அவனை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை, பரணி யாரையுமே கூப்பிட்டதில்லை. மூன்று சதவீதம். மிதுன் பசைக்கையோடு எடுத்துக் காதில் வைத்தான். "பரணி" என்றான். அந்தப் பக்கம் மூச்சு. மூக்கால் இழுக்கிற மூன்று சின்ன மூச்சு, கதவை முட்டும்போது வருவது. எங்கோ ஒரு சூட்கேஸ் ஜிப். மிதுனுக்குள் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் முண்டியடித்தார்கள். கண்டக்டர், "சொல்லுங்க சார், எங்க போகணும், சில்லறை இருக்கா" என்று விசிலை வாயில் வைத்தார். அப்பா, "என்றா, ஒட்டிப்போட்டயா" என்றார். அடித்தொண்டைக்காரன் மெதுவாக, 'கறுப்புன்னு சொல்ல வர்றான், சொல்லிடு' என்றான். மிதுன் பல்லைக் கடித்தான். ஐஸ் குச்சி பசைக்குள் சாய்ந்து நின்றது. எட்டு நொடி. பன்னிரண்டு. "ஒ... ஒட்டீட்டயா" என்றது பரணியின் குரல். அது அடித்தொண்டைக்காரன் குரல் இல்லை. அதைவிட மெலிசு, ஓரத்தில் கொஞ்சம் பிசிறு. மிதுன் இத்தனை நாள் அதைத் தப்பாகச் செய்துகொண்டிருந்திருக்கிறான். "இல்ல" என்றான். "ஒட்டாத" என்றான் பரணி. அப்புறம், "நான்" என்றான். அப்புறம் கதவு. மிதுன் காத்திருந்தான். மூச்சு ஒன்று. மூச்சு இரண்டு. நான் வர்றேன், நான் வரல, நான் பேனா கேக்கவே இல்லையே, நான் அன்னிக்கு அந்த ரூம்ல. எத்தனை வாக்கியம் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் வரிசை கட்டி நின்றதோ, அத்தனையும் மிதுனுக்குத் தெரிந்தது, ஒன்றையும் தொடவில்லை. தகரம் நெளிந்தது. கடிகாரம் இரைந்தது. பசை குச்சியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மங்கி இறுகுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். இருபது நொடி, முப்பது, ஒரு சிக்னல் மாறுகிற நேரம், அதற்கும் மேலே. இவ்வளவு நீளக் கதவு பரணிக்கு வந்ததே இல்லை. பரவாயில்லை. லேட்டாகும், அவ்வளவுதான். தனக்கு இப்படி நிற்கத் தெரியும் என்பதே மிதுனுக்கு ஆச்சரியமாக, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதற்கப்புறம்தான் மூச்சுச் சத்தம் கேட்டு ரொம்ப நேரமாகிவிட்டது என்று உறைத்தது. போனைக் காதிலிருந்து எடுத்தான். திரை கறுப்பு. அமுக்கினான். அமுக்கிக்கொண்டே இருந்தான். செத்திருந்தது.

எப்போது செத்தது. 'நான்' என்ற உடனேயா, மூச்சு இரண்டிலா. இவன் பெருமையாக நின்றுகொண்டிருந்தது வெறும் கண்ணாடித் துண்டுக்கு. அந்தப் பக்கம் பரணிக்கு என்ன கேட்டிருக்கும். டொக். நடுக்கதவில், வாய் திறந்திருக்கும்போது, எல்லோரும் வைக்கிற மாதிரியே மிதுனும் வைத்துவிட்டான். சார்ஜர் சுவரில் வால் மாதிரி தொங்கியது, கரண்ட் ஐந்து மணிக்கு, ஐந்து என்றால் ஐந்தரை. மிதுன் பசையைப் பார்த்தான். குச்சி மூடியோடு சேர்ந்து கல்லாகியிருந்தது, தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. இரண்டு பூவரசுப் பாதியையும் ஏழு பட்டையையும் அப்படியே காலண்டர் அட்டையோடு தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு, செருப்புப் போடாமல், தெருவில் இறங்கினான். தார் சுட்டது. பரணி வீட்டுக்கு இரண்டு தெருதான், நூலகத்துக்குப் பின்னால். ஓட முடியாது, ஓடினால் பட்டைகள் பறந்துவிடும், ஆகவே கல்யாணத்தில் தாம்பாளம் தூக்குகிறவன் மாதிரி வேகமாக, குதிகால் வைக்காமல் நடந்தான். வழியில் டீக்கடைக்காரர், "என்றா மிதுனு, சீர் கொண்டுபோறயா, எங்க ஒரு குரலு குடு" என்றார். அவருக்கு அவருடைய குரலையே கொடுப்பதுதான் வழக்கம். இன்றைக்கு இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்பது தெளிவாக இருந்தது. நான் வைக்கல. சார்ஜ் போச்சு. நீ முடிக்கறவரைக்கும் நின்னுட்டுத்தான் இருந்தேன். மூன்றே வாக்கியம். அப்புறம் நாலாவது ஒன்று இருக்கிறது, நாற்பத்து மூன்று நாளாக. பரணி வீட்டுக் கதவைத் தட்டக் கை இல்லை, முழங்கையால் இடித்தான். உள்ளே சூட்கேஸ் உருளுகிற சத்தம் நின்றது. தாழ்ப்பாள் திறந்தது.

பரணி நின்றான். முடி வெட்டியிருந்தான், காது இரண்டும் புதுசாகத் தெரிந்தன. கையில் போன். முகத்தில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை, மூடின கடை. மிதுன் வாயைத் திறந்தான். கண்டக்டர் வந்தார், வேண்டாம் என்றான். பிசிக்ஸ் சார் வந்தார், அப்பா வந்தார், செய்தி வாசிக்கிற அக்கா தொண்டையைச் செருமினார், போங்கள், எல்லோரும் போங்கள். எல்லோரும் போய்விட்டார்கள். போனபிறகு பார்த்தால் அங்கே ஆளே இல்லை. வாய் திறந்திருந்தது, காற்று இருந்தது, அந்த மூன்று வாக்கியமும் அடுக்கி வைத்தபடி இருந்தன, சத்தம் வரவில்லை. இதுவா. இப்படியா இருக்கும். கழுத்தில் என்னவோ ஒன்று இழுத்தது. அட்டை சாய்ந்து, பித்தளை மைக்காவில் மோதி டிங் என்றது. பரணி அவன் வாயைப் பார்த்தான். அப்புறம், வேறு யாருக்கும் தெரியாத ஒன்று தெரிந்தவன் மாதிரி, வாயிலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டான். போனைச் சட்டைப் பையில் போட்டான். கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து முதுகால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அட்டையிலிருந்த பூவரசுப் பாதிகளை எடுத்துச் சேர்த்துப் பிடித்து, ரேகை இறங்குகிற இடத்தை நகத்தால் தடவினான். பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்த இடுக்கில் வைத்துப் பார்த்தான், வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தான், திரும்ப வைத்தான். பஸ்ஸுக்கு நேரமாகிறவன் மாதிரியே இல்லை. என்ன என்று கேட்கவில்லை, சொல்லு என்றும் சொல்லவில்லை. தேங்காய்த் தொட்டியை எடுத்தவன் அதை மட்டும் திரும்ப வைக்காமல் விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே நின்றான். உள்ளிருந்து பரணியின் அப்பா, "யாரு கண்ணு?" என்றார். பரணி கையை மட்டும் பின்னால் காட்டினான், பொறுங்க என்று.

"நான்" என்றான் மிதுன்.